அடுப்புக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடுக்கு: அளப்பது முதல் மூடுவது வரை

கடுகு தாளிக்கும்போது நாலைந்து தெறித்து அடுப்புக்குப் பக்கத்து இடுக்கில் விழும். அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது. சாம்பார் பொங்கினால் அதிலும் கொஞ்சம் அதே வழியாக இறங்கும். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அடுப்பை வெளியே இழுத்தால்தான் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியும். லண்டனில் நாங்கள் முதலில் இருந்த வாடகை வீட்டில், அடுப்பின் இரண்டு பக்கமும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகு போல உறைந்திருந்தன. காய்ந்த கறிவேப்பிலை, துவரம்பருப்பு, ஒரு சின்னக் கரண்டி, அவற்றுக்கு நடுவே சுண்டெலிப் புழுக்கை. மேடையைத் தினமும் துடைக்கிற வீடு அது. அழுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

பிரிட்டனில் குக்கர் என்றால் விசில் அடிக்கும் குக்கர் இல்லை. மேலே நாலு அடுப்பு, கீழே ஓவன், எல்லாம் ஒரே பெட்டியாகத் தரையில் நிற்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இதில் நான் அதை அடுப்பு என்றே எழுதுகிறேன். கடைகளில் வொர்க்டாப் என்று விற்பதை மேடை என்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடுக்கை மூட வேண்டும், அடைக்கக் கூடாது. மூடுவது என்றால், வேண்டும்போது கையால் எடுத்துவிடக்கூடிய ஒன்றை மேலே வைப்பது. அடைப்பது என்றால் சிலிக்கான் பசை, நுரை, சிமென்ட் என்று எதையாவது பிதுக்கி இரண்டையும் ஒட்டிவிடுவது. அடுப்பு பழுதானால் வெளியே வர வேண்டும். கேஸ் அடுப்பாக இருந்தால் சோதனைக்கும் வெளியே வர வேண்டும். அதோடு ஓவன் சூடாகும்போது பக்கச் சுவர்களும் சூடாகும், பல அடுப்புகளில் பக்கத்திலும் பின்னாலும் காற்றுத் துளைகள் இருக்கும். அதனால் இடுக்கின் மேல்வாயை மட்டும் மூடுகிறோம். உள்ளே இருக்கும் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். அட்டை, துணி, செய்தித்தாள் எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

இடுக்கு எதனால் வருகிறது

பிரிட்டனில் இந்த அடுப்புகளின் அகலம் பெரும்பாலும் 50, 55 அல்லது 60 செ.மீ. இதைவிடப் பெரிய ரேஞ்ச் வகை 90, 100, 110 செ.மீ. அகலத்தில் வரும். 60 செ.மீ. அடுப்புக்கு இடம் விடும்போது, அது சிராய்க்காமல் உள்ளே போக வேண்டும் என்று இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் கூடுதலாக விடுவார்கள். இது தேவையான இடுக்கு. இதைக் குறை சொல்ல முடியாது.

மற்ற காரணங்கள் வேறு மாதிரி. பழைய வீடுகளில் சுவர் நேராக இருக்காது, அலமாரியும் சுவரோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். அதனால் முன்னால் 3 மி.மீ., பின்னால் 12 மி.மீ. என்று இடுக்கு ஆப்பு வடிவத்தில் இருக்கும். சில வீடுகளில் 60 செ.மீ. இடத்தில் 50 செ.மீ. அடுப்பை வாங்கி நிறுத்தியிருப்பார்கள். வாடகை வீடுகளில் இது சகஜம். இன்னும் சில வீடுகளில் இடுக்கே பிரச்சினை இல்லை, உயரம்தான் பிரச்சினை. அடுப்பு மேடையைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும், அதனால் இடுக்கை மூட மேலே எந்தப் பட்டையை வைத்தாலும் உட்காராது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போக வேண்டாம். நான் முதலில் வாங்கிய பட்டை அப்படித்தான் வீணாயிற்று.

அளப்பது

ஒரு டேப்பும் ஒரு ரசமட்டமும் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: முன் விளிம்பில், நடுவில், சுவர் ஓரத்தில். டேப் நுழையாத இடத்தில் ஒரு அட்டைத் துண்டை மடித்துச் செருகி, அதன் தடிமனை அளந்துகொள்ளுங்கள். மூன்றில் பெரிய எண்தான் உங்களுக்கு வேண்டிய எண்.

அடுத்து நீளம். மேடையின் ஆழம் பொதுவாக 60 செ.மீ. சுற்றி இருக்கும். ஆனால் அடுப்பின் மேல்தட்டு அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், சுவர் ஓரத்தில் டைல்ஸ் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கலாம். முன் விளிம்பிலிருந்து டைல்ஸ் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உயரம். ரசமட்டத்தை மேடையிலிருந்து அடுப்பின் மேல் நீளும்படி வையுங்கள். கீழே வெளிச்சம் தெரிந்தால் அடுப்பு தாழ்ந்திருக்கிறது. அடுப்பின் மேல் ஏறி மேடையில் படாமல் நின்றால் அடுப்பு உயர்ந்திருக்கிறது. எத்தனை மி.மீ. என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மூடி உள்ள அடுப்பு என்றால் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். சில மூடிகள் மேல்தட்டின் விளிம்புக்கு வெளியே வரை வரும். அங்கே பட்டை வைத்தால் மூடி முழுதாக மூடாது.

அடுப்பை வெளியே எடுப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கரண்ட் அடுப்பும் கேஸ் அடுப்பும் இந்த இடத்தில் ஒன்று இல்லை.

கரண்ட் அடுப்பு என்றால், சமையலறைச் சுவரில் அதற்கென்று ஒரு பெரிய சுவிட்ச் இருக்கும். பல வீடுகளில் சிவப்பு நிறத்தில் இருக்கும். அதை அணையுங்கள். ஃபியூஸ் பெட்டியில் அடுப்புக்கான பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள். பின்னால் இருக்கும் தடித்த கேபிள் சுவரில் நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும், பிடுங்கக்கூடிய பிளக் இருக்காது. கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அடுப்பு வெளியே வரும். இறுகுவது போலத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேஸ் அடுப்பு என்றால் பின்னால் ரப்பர் ஹோஸ் ஒன்றும், அடுப்பு முன்பக்கம் கவிழாமல் இருக்கச் சுவரோடு ஒரு சங்கிலியோ கொக்கியோ இருக்கும். சங்கிலியைக் கழற்றாமல் இழுத்தால் சுவரிலிருந்து பிய்ந்துவிடும். ஹோஸை நீங்களே கழற்றி மாட்ட வேண்டாம் என்பதுதான் என் உறுதியான எண்ணம். பிரிட்டனில் கேஸ் வேலையைக் கேஸ் சேஃப் (Gas Safe) என்ற அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் செய்ய வேண்டும். 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள் அதைச் சொல்கின்றன. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்தே ஆக வேண்டும். அந்த ஆள் வரும் நாளிலேயே அடுப்பை வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். எந்த நேரத்திலாவது கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், வெளியே வந்து 0800 111 999க்கு அழையுங்கள்.

ஓவன் கதவின் கைப்பிடியைப் பிடித்து அடுப்பை இழுக்காதீர்கள். அது அந்த எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. உள்ளே இருக்கும் தட்டுகளையும் கம்பிகளையும் எடுத்துவிட்டால் எடை கொஞ்சம் குறையும். தரை வினைல் என்றால் முன் கால்களை லேசாகத் தூக்கி, பழைய கார்ப்பெட் துண்டைத் தலைகீழாகக் கால்களுக்கு அடியில் கொடுங்கள். வழவழப்பாக நகரும், தரையும் கிழியாது. இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் இழுக்க, ஒருவர் பின்னால் கேபிளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அடுப்பின் அகலம் பெரும்பாலும் 30 அங்குலம். பின்காலைப் பிடித்துக்கொள்ள தரையிலோ சுவரிலோ ஒரு கொக்கி இருக்கும். அடுப்பைத் திருப்பித் தள்ளும்போது கால் அந்தக் கொக்கிக்குள் போய்ச் சேர்ந்ததா என்று கட்டாயம் பாருங்கள். ஓவன் கதவு திறந்திருக்கும்போது குழந்தை அதன் மேல் ஏறினால் அடுப்பு கவிழாமல் காப்பது அந்தக் கொக்கிதான்.

சுத்தமும் வெட்டு முனையும்

பழைய பிளாஸ்டிக் அட்டையால் பிசுக்கை முதலில் வழித்து எடுங்கள். அப்புறம் வெந்நீரில் சோடா கிரிஸ்டல் (சலவைச் சோடா) கரைத்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாகங்களில் மட்டும் சோடா வேண்டாம், கறுத்துவிடும். சுவரில் குழாய் போகும் துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பென்சில் நுழையும் துளை சுண்டெலிக்குப் போதும். அந்தத் துளைகளை, கேஸ் குழாயைச் சுற்றி இருப்பவை தவிர, எஃகு நாரும் பூச்சும் வைத்து அடைக்கலாம். கேஸ் குழாயைச் சுற்றி இருப்பதைக் கேஸ்காரரிடம் காட்டுங்கள்.

இப்போது மேடையின் வெட்டு முனையைப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். லேமினேட் மேடைக்கு உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. மேலே இருக்கும் மெல்லிய தோல்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அடுப்புப் பக்கம் வெட்டிய முனையில் தோல் இல்லாமல் விட்டிருந்தால், வழியும் சாம்பாரும் துடைக்கும் ஈரமும் அதற்குள் ஏறும். பலகை உப்பும். ஒருமுறை உப்பினால் திரும்ப அடங்காது. எங்கள் இப்போதைய வீட்டில் மேடை போட்டவர் அந்த முனையை அப்படியே விட்டுப் போயிருந்தார். நான் பார்த்தபோது முன்மூலை ஏற்கெனவே வீங்கியிருந்தது. இடுக்கின் மேல் பட்டையை மட்டும் வைத்திருந்தால் அந்த வீக்கம் உள்ளேயே வளர்ந்திருக்கும்.

இதற்குத் தீர்வு அலுமினிய முனைப்பட்டை. மேடையின் தடிமனுக்கு ஏற்ப விற்பார்கள். பிரிட்டனில் பரவலாக உள்ள தடிமன்கள் 28, 38, 40 மி.மீ. முனையை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி தட்டுங்கள். ஈரமாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் காயவிடுங்கள். பட்டையை ஹேக்ஸா பிளேடால் அளவுக்கு வெட்டி, வெட்டிய மூலையை அரத்தால் மழுக்குங்கள். முனை முழுதும் சிலிக்கான் பசையைப் பூசி, பட்டையை அழுத்தி, கூட வரும் ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். மேலே பிதுங்கும் பசையை உடனே துடைத்துவிட வேண்டும். இது மேடையில் மட்டும் ஒட்டுவது, அடுப்பைத் தொடாது. அதனால் இங்கே பசை பயன்படுத்துவதில் தவறில்லை. சூட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் விளிம்புப் பட்டையைவிட இது பல வருடம் நிற்கும். ஆனால் பட்டையின் தடிமனையும் கணக்கில் எடுங்கள். இடுக்கு ஏற்கெனவே 2 மி.மீ. என்றால் அடுப்பு உள்ளே போகாது. அப்போது முனைக்கு வார்னிஷையோ சிலிக்கானையோ மெல்லிசாக இழுகிக் காயவிட்டால் போதும்.

கிரானைட், குவார்ட்ஸ் மேடைக்கு இந்த வேலையே இல்லை. மரமேடை என்றால் வெட்டு முனைக்கு எண்ணெய் இரண்டு மூன்று முறை கொடுங்கள்.

மட்டம் பார்ப்பது

அடுப்பை முக்கால்வாசி உள்ளே தள்ளிவிட்டு, கால்களைச் சரி செய்யுங்கள். அடியில் திருகிக் கூட்டிக் குறைக்கும் கால்கள் இருக்கும். சிலவற்றைக் கையால் திருப்பலாம், சிலவற்றுக்கு ஸ்பேனர் வேண்டும். பின்கால்களை முதலில் சரி செய்யுங்கள், உள்ளே போன பிறகு கை எட்டாது. ரசமட்டத்தை இடவலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை வைத்துப் பாருங்கள். மட்டமில்லாத அடுப்பில் தோசைக்கல்லில் ஊற்றும் எண்ணெய் ஒரே பக்கம் ஓடும். அதை வைத்தே உங்களுக்கு முன்பே சந்தேகம் வந்திருக்கலாம்.

குறி என்னவென்றால், அடுப்பின் மேல்தட்டு மேடையோடு சமமாக வர வேண்டும், அல்லது ஒன்றிரண்டு மி.மீ. உயர்ந்திருக்கலாம். கேஸ் அடுப்பு மேடையைவிடத் தாழ்ந்திருப்பது நல்லதில்லை. பர்னர் சுடர் மேடை முனைக்கு நேராக வரும். மேடை உயரமாக இருந்தால் பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அடுப்போடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கும். அந்த அளவைவிடக் குறைக்காதீர்கள். கையேடு தொலைந்திருந்தால், மாடல் எண்ணை வைத்துத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். எண் பெரும்பாலும் ஓவன் கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பில் இருக்கும்.

பல வீடுகளில் இந்த ஒரு வேலையிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுப்பை நடுவில் நிறுத்தி மட்டம் செய்தால், ஒரு பக்கம் 14, மறுபக்கம் 2 என்று இருந்தது இரண்டு பக்கமும் 8 என்று ஆகிவிடும். 8 மி.மீ. மூடுவது சுலபம்.

மூடுவது

சுமார் ஒரு செ.மீ. வரை உள்ள இடுக்குக்குச் சிலிக்கான் பட்டைதான் என் தேர்வு. மேலே தட்டையான பட்டை, அதன் அடியில் நடுவே கீழ்நோக்கி ஒரு நாக்கு. நாக்கு இடுக்குக்குள் போகும், தட்டைப் பகுதி இரண்டு பக்கமும் படியும். பசை கிடையாது, ஆணி கிடையாது, வாடகை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. வீடு மாறும்போது கழுவி எடுத்துக்கொண்டு போகலாம். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: எந்த அகல இடுக்குக்கு என்று போட்டிருக்கிறது, நீளம் உங்கள் அளவைவிடக் கூடுதலா, எத்தனை டிகிரி வரை தாங்கும். பலவற்றில் 230 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள். வெள்ளை வேண்டாம். மஞ்சள் கறை ஒரு வாரத்தில் ஏறிவிடும், அப்புறம் போகவே போகாது. கறுப்போ சாம்பல் நிறமோ எடுங்கள்.

பொருத்தும் முன் இரண்டு விளிம்புகளையும் பிசுக்குப் போகக் கழுவி, உலர்த்துங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பட்டை நழுவிக்கொண்டே இருக்கும். முன் விளிம்பில் தொடங்கி, நாக்கை விரலால் அழுத்திக்கொண்டே பின்னால் போங்கள். சுவர் ஓரத்தில் மிச்சம் இருப்பதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு மி.மீ. கூட விட்டு வெட்டினால் சுவரோடு இறுகி நிற்கும். பெட்டியில் சுருட்டி வந்த பட்டை வளைந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, நேராக வைத்து ஆறவிடுங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. வரை என்றால் மெல்லிய சிலிக்கான் நடுவில் தொய்யும். அதில் விழும் எண்ணெய் தேங்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை நல்லது. ஒன்றுக்குள் ஒன்று நீளும் வகையும் கிடைக்கும். ஸ்டீல் வளையாது, அதனால் அடுப்பும் மேடையும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் சரியாக உட்காரும். மேல்தட்டு கண்ணாடி என்றால் ஸ்டீலின் வெட்டு விளிம்பு அதைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு செ.மீ.க்கு மேல் போனால் பட்டை எதுவும் தீர்வில்லை. மேடையை நீட்ட வேண்டும். 60 செ.மீ. இடத்தில் 50 செ.மீ. அடுப்பு நிற்கும் வீடுகளுக்கு இதுதான் வழி. பக்கத்துக்கு 5 என்று பிரிக்காமல், அடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி மற்றப் பக்கம் மொத்தமாக விட்டால் வேலை ஒன்றாகக் குறையும். நகர்த்தும் பக்கத்தில் சுவரோ உயரமான அலமாரியோ இருந்தால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், சுடருக்கு இடம் வேண்டும். விட்ட இடத்தில், அலமாரியின் பக்கச் சுவரில் இரண்டு மரக்கட்டைகளை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, அவற்றின் மேல் மேடையின் அதே நிறத் துண்டை உட்கார வைக்கலாம். முன்னால் அலமாரிக் கதவு நிறத்தில் ஒரு பலகை. துண்டு முழுக்க முழுக்க அலமாரியில்தான் நிற்க வேண்டும், அடுப்பில் சாயக் கூடாது. அடுப்புப் பக்கம் வரும் முனைக்கு அதே அலுமினியப் பட்டை. முன்பலகை போடாமல் விட்டால் ஓவன் தட்டுகளை நிறுத்தி வைக்க அந்தச் சந்து நல்ல இடம். ஆனால் வாடகை வீட்டில் இதற்கெல்லாம் முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பெரிய பாத்திரமும் சுடரும்

பட்டை 230 டிகிரி தாங்கும் என்றால், மேலே வழியும் சூடான குழம்பையும் பாத்திரத்தின் ஓரச் சூட்டையும் தாங்கும் என்று அர்த்தம். கேஸ் சுடரை அது தாங்காது. நம் சமையலில் இது உண்மையான பிரச்சினை. முப்பது செ.மீ. தோசைக்கல், இட்லிப் பானை, விருந்துக்கு எடுக்கும் பெரிய அண்டா எல்லாம் ஓரத்துப் பர்னரில் வைத்தால் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாத்திரத்தின் அடியில் பட்டுத் திரும்பும் சுடர் நேராகப் பட்டையின் மேலும் மேடை விளிம்பின் மேலும் பாயும். சிலிக்கான் ஓரம் பொரிந்து போயிருந்தால் அதுதான் காரணம். அந்தப் பக்கத்தில் லேமினேட்டும் மெல்ல மெல்லக் குமிழ் விடும்.

அப்படிச் சமைக்கிற நாளில் அந்தப் பக்கத்துப் பட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். எடுக்க மூன்று விநாடி ஆகும். அல்லது அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஸ்டீல் பட்டை போடுங்கள். ஸ்டீலும் சூடாகும், தொட்டால் சுடும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பின்பக்கம்

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடம் பெரும்பாலும் கேபிளுக்கோ ஹோஸுக்கோ தேவைப்படுகிற இடம். முழுதாகத் தள்ளி ஒட்ட நினைத்தால் ஹோஸ் மடங்கும். பின்னால் ஓவனின் சூடு வெளியேறும் வாயில் இருக்கும் மாடல்களும் உண்டு. ஓவனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பின் விளிம்புக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள். சூடான காற்று மேலே வந்தால் அங்கே எதையும் வைக்காதீர்கள். வரவில்லை, கையேடும் தடுக்கவில்லை என்றால் ஒரு ஸ்டீல் பட்டையை மேலே வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் கேஸ் அடுப்பின் சங்கிலியைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். பட்டைகளை வாரம் ஒருமுறை எடுத்து, பாத்திரத்தோடு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பு துடைக்கும்போது அதையும் செய்துவிடுவோம். போன மாதம் கரண்ட் வேலைக்காக அடுப்பை வெளியே எடுக்க வேண்டி வந்தது. பின்னால் கொஞ்சம் தூசி இருந்தது, ஒரு கடுகு கூட இல்லை.